கமலா வீட்டு மீன்விளக்கும் என் பூசணிக்காயும்

பொறாமையே கிடையாது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அது உண்டு, தாராளமாகவே உண்டு. எழுபத்திரண்டு வயதில் மறைத்து என்ன ஆகப் போகிறது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு வரி எழுதுவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. இருந்தாலும் இதை நானேதான் எழுத வேண்டும். மற்றவர்கள் சொல்லச் சொல்லப் பூசணிக்காயின் எடை ஏறிக்கொண்டே போகிறது.

எங்கள் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தெம்பனிஸ் அடுக்குமாடியில் என் வீடுதான். காலையிலேயே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், கடைக்காரர் காட்டும் மீனை ஒதுக்கிவிட்டு அவர் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் மீனை வாங்கி வந்து குழம்பு வைப்பேன். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொழுந்தனார் குடும்பம் என்று இருபது பேர் அந்த நாலறை வீட்டில் முட்டி மோதிச் சாப்பிடுவார்கள். மூத்த மருமகள் என்ற என் நாற்காலி அந்தக் குழம்புச் சட்டியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அதை ஆட்டிவிட்டவள் கமலா, என் கொழுந்தனார் மனைவி. அவள் மகன் முரளி, பணக்காரர்கள் வாழும் செந்தோசா தீவில் ஒரு வீட்டுக்குக் குடிபோனான். அவளும் கூடவே போனாள். அந்த வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இல்லை, கடல். சொந்தமாக ஒரு படகுத்துறை. (படகு கிடையாது. அதைக் கேட்டால் முரளி பேச்சை மாற்றுவான்.) துறையின் கால்களில், தண்ணீருக்குள்ளே, பச்சை விளக்குகளைப் போடச் சொன்னாள் கமலா. வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிற மாதிரி மீன் வருமாம்.

வராது என்று நான் அடித்துச் சொன்னேன். வந்தது. முதலில் தூசு மாதிரி பொடிமீன். அதைத் தின்ன மடவை. அதற்குப் பின்னால் கை நீளத்துக்குக் கொடுவா. தேக்காவில் ஐஸ் மேல் கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கும் மீன்களெல்லாம் இங்கே கமலாவின் காலடியில் உயிரோடு சுற்றிச் சுற்றி ஆடின.

"பாட்டி, சோ பிரிட்டி லா!" என்றாள் என் பேத்தி மித்ரா.

"என்ன கமலா, பிடிச்சுக் குழம்பு வைப்பியா?" என்றேன்.

"ஐயோ அக்கா! இதெல்லாம் சும்மா பார்க்கிறதுக்கு."

பார்க்கிறதுக்கு மீனாம்! கொடுவாயைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற குடும்பமா இது?

அடுத்த ஞாயிறு என் வீட்டில் மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரர், குழம்புச் சட்டி. "சின்னப் பாட்டி வீட்டுல ஃபிஷ் பார்க்கப் போறோம், பாட்டி" என்று மித்ரா போனில் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. என் வீட்டுக்காரர் புதன்கிழமை வரைக்கும் வாய் திறக்காமல் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, வியாழக்கிழமை மெதுவாக, "ரசம் வைக்கிற எண்ணம் ஏதும் உண்டா?" என்றார்.

அப்போதுதான் கமலா போன் பண்ணினாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை நாப்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன். நீங்க குழம்பெல்லாம் தூக்கிட்டு வந்து சிரமப்படாதீங்க. பிரியாணிக்கு கேட்டரிங் சொல்லியாச்சு. நீங்க சும்மா வந்து உட்காருங்க."

அந்தச் 'சும்மா' என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

"வர்றேன் கமலா. ஆனா நாப்பது பேர் கண்ணு படுமே. மூத்தவ நான், பூசணிக்காய் வச்சு திருஷ்டி கழிச்சு விடுறேன்" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "படுற கண்ணுல பெரிய கண்ணே உன்னோடதுதானேடி. அதை யாரு கழிக்கிறது?" என்றார். அன்றைக்கும் அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

சிராங்கூன் சாலையில் நாலு கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே பெரிய வெள்ளைப் பூசணியை வாங்கினேன். மேலே துளை போட்டுக் குங்குமத்தையும் சில்லறையையும் நிரப்பினேன். குழம்பும் வைத்தேன். நாற்பது பேருக்குக் காணும் சட்டி. (சும்மா உட்காரவா இந்த உடம்பு பிறந்தது?)

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி. இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டார்கள். நாற்பது பேரும் துறையில் குனிந்து, "ஆ" என்றார்கள். பட்டுப்புடவையோடு நான் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றினேன். சுற்றி முடித்ததும் போட்டு உடைப்பதுதானே வழக்கம்?

"அக்கா, டெக்குல உடைச்சிடாதீங்க. குங்குமக் கறை போகாது" என்றாள் கமலா.

"கடல்லயும் போடக் கூடாது பெரியம்மா, ஃபைன் போடுவாங்க. சுத்திட்டு இதுல போட்டுடுங்க" என்று முரளி ஒரு பையை நீட்டினான். குப்பைப் பை!

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் மித்ரா கத்தினாள்: "எல்லா ஃபிஷ்ஷும் சின்னப் பாட்டியையே பார்க்குது!"

கை தவறிவிட்டது என்றுதான் இன்றுவரைக்கும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். கை தவறவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. விளக்கு ஒரு சாண் ஆழத்தில்தான் இருந்தது. பூசணிக்காய் நேராக அதன் தலையில் இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். பச்சை வெளிச்சம் போயிற்று. வீட்டு விளக்கு, மின்விசிறி, ஏர்கான், எல்லாம் போயிற்று. யாரோ கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தண்ணீர்மேல் அடித்தார்கள். செக்கச்செவேலென்று குங்குமம்.

"பாட்டி ஃபிஷ்ஷை எல்லாம் கொன்னுட்டாங்க!" என்று மித்ரா அழ ஆரம்பித்தாள்.

முரளி சுவிட்சுப் பெட்டிக்கு ஓடினான். மெயின் சுவிட்சை மேலே தள்ளத் தள்ள அது கீழே விழுந்தது. எலக்ட்ரீஷியன் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். வந்தாலும் வாசல் கதவு கரண்டில் ஓடுகிற கதவு. எலக்ட்ரீஷியனை உள்ளே விடவே ஓர் எலக்ட்ரீஷியன் வேண்டும். கையால் திறக்கிற சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே பிரியாணி வண்டி. உள்ளே நாற்பது வயிறு. கம்பி வழியாக வாசனை மட்டும் வந்தது.

கமலா இருட்டில் என்னை நோக்கி நடந்து வந்தாள். பதிலுக்குப் பதில் கொடுக்க நான் முந்தானையை இழுத்துச் செருகித் தயாரானேன்.

"அக்கா, குழம்பு கொண்டுவந்திருப்பீங்கதானே?"

கொண்டுவந்திருந்தேன். சோறுதான் இல்லை. மீன்களுக்குப் போட என்று கமலா வாங்கி அடுக்கியிருந்த ரொட்டிப் பாக்கெட்டுகள் இருந்தன. நாற்பது பேரும் மீனுடைய ரொட்டியை மீன்குழம்பில் தோய்த்துத் தின்றார்கள். சட்டியைக் கழுவ வேண்டிய வேலையே இருக்கவில்லை.

கடைசி ரொட்டித் துண்டோடு கமலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மீனுக்காகவா அந்த லைட்டைப் போட்டேன்? முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா நான் பெத்ததுங்ககூட உங்க வீட்டுக்குத்தான் ஓடுதுங்க. ஒரு தடவையாச்சும் என் வீட்டுக்கு ஆளு வரட்டுமேன்னுதான் லா."

முப்பது வருஷமாக இவள் என்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! எனக்கு வந்த சந்தோஷத்தில், கை தவறவில்லை என்ற உண்மையை அப்போதே சொல்லியிருப்பேன். நல்லவேளை, வாயில் ரொட்டி இருந்தது.

இப்போது ஒரு ஞாயிறு என் வீடு, ஒரு ஞாயிறு அவள் வீடு. எந்த வீடானாலும் சட்டி என்னுடையது. குழம்புக்குச் சோறு வேண்டாம், மீன் ரொட்டிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். குடும்பத்தில் யார் வீட்டிலாவது கரண்டு போய்விட்டால் போதும், முதல் போன் எனக்குத்தான் வரும்: "பெரியம்மா, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

கமலா புது விளக்கு போட்டிருக்கிறாள். முன்னைவிட இரண்டு மடங்கு மீன் வருகிறதாம். எல்லாம் என் கைராசி என்று ஊரெல்லாம் புகழ்கிறாள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.