பில்ட்-இன் மாமாவும் இரண்டு வழிகாட்டிகளும்

கம்பெனியிலேயே பொருத்தி வராத எதையும் வாழ்நாளில் நம்பாத மனிதர் இந்தியாவில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கொல்கத்தா டாலிகஞ்சில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய மின்சார பில்லில் மட்டும் இருந்தது. குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் அவர் பில்ட்-இன் மாமா.

ஃப்ரிட்ஜுக்கு உறை போடுவது ஃப்ரிட்ஜை அவமானப்படுத்துவது என்பார். புது செல்போனுக்கு உறை வேண்டாமென்று பிடிவாதம் பிடித்து, அதை மூன்று முறை மாடிப்படியில் உருட்டிவிட்டு, திரை முழுக்க விரிசல் விட்ட பிறகும், "ஒரிஜினல் பாடி, ஒண்ணும் ஆகலை பாரு" என்று ஊர் முழுக்கக் காட்டினார். பல்செட் கட்ட மாட்டேன் என்று, மிச்சமிருந்த ஒன்பது பற்களோடு முறுக்கைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிட்டார்.

"அப்போ மூக்குக் கண்ணாடி மட்டும் எப்படி மாமா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"அது மாட்டினதுதானே? அதனாலதான் தெனம் காணாமப் போறது" என்றார்.

நாங்கள் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. வங்காளமும் தெரியாது, வழியும் தெரியாது. அந்த ஆனி மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்கு அம்மு வந்தாள். ஐந்து மாதக் குழந்தை. தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து கிடைத்தவள். குழந்தை கைக்கு வந்துவிட்டாலும், அலிப்பூரில் அதிகாரி முன்னால் நாங்கள் மூவரும் போய் நின்று, இவள் இவர்களுடைய மகள் என்று உத்தரவு கையெழுத்தாக வேண்டும். அது ஆகும்வரை வாசலில் மணி அடித்தால்கூட, குழந்தையைத் திரும்ப வாங்கிப்போக வந்துவிட்டார்களோ என்று பயப்படுவேன்.

குழந்தையோடு அலைவதற்காகக் கார் வாங்க முடிவு செய்தோம். மேல் மாடலில் வழிகாட்டித் திரை கம்பெனியிலேயே உள்ளே பதித்து வந்தது. கீழ் மாடலில் இல்லை. கீழ் மாடலை வாங்கி, வெளிக் கடையில் ஒரு செட் மாட்டிக்கொள்ளலாம் என்பது என் கணவர் ரகுவின் கட்சி. போனிலேயே வழி பார்க்கலாமே என்பீர்கள். ரகுவின் மேலதிகாரி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறவர். அழைப்பு வந்ததும் வழி மறைந்துபோகும்.

ஷோரூமுக்கு மாமா தானாகவே கிளம்பி வந்தார். திரையைத் தட்டிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார், காதை வைத்தும் கேட்டார். விற்பனையாளரிடம், "யே ஜனம் சே ஹை?" என்று ஹிந்தியில் விசாரித்தார். பிறவியிலிருந்தே இருக்கிறதா என்று ஒரு கார் திரையைப் பற்றி யாரும் கேட்டு அந்த மனிதர் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. பயந்துபோய்த் தலையாட்டினார். மேல் மாடலே வாங்கினோம்.

அந்த உள் வழிகாட்டி கம்பீரமான ஆண் குரலில் இங்கிலீஷ் பேசியது. ஊர்தான் அதற்குத் தெரியவில்லை. கொல்கத்தாவில் பல தெருக்கள் காலையில் ஒரு திசையிலும் மத்தியானத்துக்கு மேல் எதிர்த் திசையிலும் ஒருவழிப் பாதை. நம் ஆளுக்கு எப்போதும் காலைதான். காபிப் பொடியும் முருங்கைக்காயும் வாங்க மாமாவையும் ஏற்றிக்கொண்டு லேக் மார்க்கெட் போன ஒரு மத்தியானம், தெருவில் இருந்த வண்டி அத்தனையும் எங்களுக்கு எதிராக வந்தது. வெள்ளை உடுப்புப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். மாமா கண்ணாடியை இறக்கி, "காடி நோதூன், ராஸ்தா புரோனோ" என்றார். வண்டி புதுசு, ரோடு பழசு. முப்பத்தைந்து வருஷத்தில் மாமா கற்றுக்கொண்ட வங்காளம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆபீஸில் இங்கிலீஷ், மார்க்கெட்டில் தமிழ் என்றே அவருக்குக் காலம் போயிருந்தது. போலீஸ்காரர் சிரித்துவிட்டு, எங்களைப் பின்பக்கமாகவே போகச் சொன்னார்.

இன்னொரு நாள் குழந்தை டாக்டரிடம் போகக் கிளம்பினோம். வழிகாட்டி எங்களை ஒரு சினிமா ஸ்டூடியோ வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிவித்தது. மாமாவின் பஞ்சகச்சத்தையும் விபூதியையும் பார்த்த காவலாளி, எந்த சீரியல் என்று மரியாதையாகக் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"மாமா, போதும். வெளியில ஒரு செட் வாங்கி மாட்டிடறேன்" என்றார் ரகு, அன்று சாயங்காலம் எங்கள் ஹாலில்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நன்னா கேட்டுக்கோ ரகு. கூடப் பொறந்ததுதான் கடைசி வரைக்கும் கூட இருக்கும். அப்பறமா கொண்டுவந்து ஒட்டினது ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் கழண்டுண்டு போயிடும். எத்தனை பாத்திருக்கேன்."

அம்மு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவர் காரைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்தபோது மாமா என் முகத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு நான்கு நாள் அவர் கீழே வரவில்லை.

ஐந்தாவது நாள்தான் அலிப்பூரில் எங்கள் முறை. பத்தரை மணிக்கு ஆஜராக வேண்டும். அன்றைக்கு விட்டால் பூஜை விடுமுறை. அது முடிந்து எப்போது கூப்பிடுவார்களோ. ஊரில் தெருவுக்குத் தெரு மூங்கில் நட்டுத் துர்கா பூஜைப் பந்தல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. முதல்நாள் இருந்த தெரு மறுநாள் இருக்காது.

எட்டரைக்குக் கீழே இறங்கினால் மாமா காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. "கதவைத் திற ரகு" என்றார். முன் ஸீட்டில் ஏறி, பெட்டியிலிருந்து ஒரு சின்னத் திரையை எடுத்து, அதன் ரப்பர் கிண்ணத்தில் எச்சில் தொட்டு, முன்கண்ணாடியில் அழுத்தி ஒட்டினார். தனி சிம் கார்டு போட்ட வெளிக் கடைச் செட். எந்தத் தெரு அடைத்திருக்கிறது என்று அப்போதைக்கப்போது தெரிந்துகொள்ளுமாம். போதாததற்குத் தமிழ்க் குரல் வேறு வைத்திருந்தார்.

புறப்பட்ட பத்தாவது நிமிஷம் இரண்டுக்கும் சண்டை. உள்ளே இருந்தவர் இங்கிலீஷில் இடது என்றார். கண்ணாடியில் இருந்தவள் தமிழில், வலதுபுறம் திரும்பவும் என்றாள். ரகு நடுவில் நேராகப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து, திரும்பிப் போ என்றார்கள். பின்னால் ஆட்டோக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எழுத முடியாது. பந்தல்களுக்கு நடுவில் சுற்றிச் சுற்றிக் கால்வாய்ப் பாலத்துக்குப் பிரியும் இடத்துக்கு வந்தபோது உள் ஆள் மறுபடியும் இடதைக் காட்டினார். மணி பத்து ஆகியிருந்தது. ரகு மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"அதை அணைச்சுடு. இவ சொல்றதைக் கேளு" என்றார் மாமா.

வலது பக்கம் திரும்பினோம். போகிற போக்கில் இடது பக்கத் தெருவைப் பார்த்தேன். வாய் முழுக்கக் குறுக்கே மூங்கில் கட்டி, மேலே துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். மாமா திரும்பாமலே சொன்னார்:

"வித்யா, அன்னிக்கு நான் கார் சமாசாரம்தான் பேசினேன். ஆனா எதிர்ல யார் உக்காந்திருக்கான்னு பாத்துட்டுப் பேசியிருக்கணும். பாக்காமப் பேசிட்டேன்மா."

"சரி மாமா" என்றேன்.

பத்தே காலுக்கு அலுவலகத்தில் இருந்தோம். வாசல் மேஜையில் இருந்த வயதான அம்மாள், உள்ளே போகிறவர்களின் பெயரையும் உறவையும் எழுதிக்கொண்டிருந்தார். "மாமா, அந்தப் பையைக் குடுங்கோ" என்று நான் கேட்டது அவர் காதில் விழுந்தது. வங்காளத்தில் மாமா என்றால் தாய்மாமன் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"நிஜேர் மாமா?" என்று பேனாவை நிறுத்திக் கேட்டார்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "நிஜ மாமாதான். ஹ்யாம், ஹ்யாம், நிஜேர்."

எழுதிக்கொண்டார். மாமாவும் உள்ளே வந்து, அம்முவின் பால் பாட்டிலைப் பிடித்தபடி பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம்தான். அதிகாரி எங்களிடம் நாலு கேள்வி கேட்டார், அம்முவைப் பார்த்துச் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் பிறகு வாசல் மணிக்கு நான் பயந்ததில்லை.

மறுநாள் காலை மாமா வாடிய முகத்தோடு வந்து நின்றார். கீழ்வீட்டு வங்காளி அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

"நிஜமான்னு அந்த அம்மா கேக்கறான்னு நெனச்சேன் வித்யா. நிஜேர்னா சொந்தம்னு அர்த்தமாம். சொந்தத் தாய்மாமனான்னு கேட்டிருக்கா. நான் ஆமாம்னு தலையாட்டியிருக்கேன். அதுவும் எழுத்துல. கவர்மென்ட் ஆபீஸ் இல்லையா, ஏதாவது தகராறு வந்து கொழந்தைக்குப் பாதகமாயிடுத்துன்னா? நான் போய்த் திருத்திக் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

இரவெல்லாம் இதை நினைத்துத் தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. என் அம்மாவுக்கும் அண்ணன் தம்பி கிடையாது. கொல்கத்தாவுக்கு வரும்வரை எனக்குச் சொந்த மாமா என்று ஒருவர் இருந்ததே இல்லை.

அம்முவை அவர் கையில் கொடுத்தேன்.

"வேண்டாம் மாமா. சரியாத்தான் எழுதியிருக்கா."