கடன் வாங்கிய கீழ்த்தாடை

படித்த திமிர் எனக்கு மொத்தமே ஒன்றரை நாள்தான் இருந்தது. அந்த ஒன்றரை நாளையும் ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டில் கழித்ததுதான் நான் செய்த தப்பு.

மருத்துவ பீடத்தில் முதல் வருடம். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் நாலு நாள் லீவு கிடைத்தது. சீனியர் அக்கா ஒருவரிடம் கீழ்த்தாடை எலும்பு ஒன்றைக் கடன் வாங்கி, துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். (நிஜ மனிதருடையதுதான். எங்களுக்கு அதுதான் பாடப்புத்தகம்.) வந்ததும் வராததுமாக அதைத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். காதுக்கு முன்னால் வரும் இந்த இரண்டு குமிழ்களும் அசைந்தால்தான் வாய் திறக்கும். நாடிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சின்னத் துளை, உதட்டுக்குப் போகும் நரம்பு வெளியே வருகிற வழி. நாடி சதுரமாக இருப்பதால் ஆள் ஆண். பற்குழிகள் மூடிக்கொண்டதால், பல்லெல்லாம் விழுந்து வெகுகாலம் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்.

அம்மா எழுந்து குளிக்கப் போய்விட்டார். அப்பா அசையவில்லை. தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்ட மண்வெட்டியோடு முதலில் போய் நிற்கிறவர் அவர்.

"இது யாரு?" என்றார்.

"யாராச்சும் இருக்கும்ப்பா," என்றேன். அதை இப்போது எழுதக்கூட எனக்குக் கூசுகிறது.

மறுநாள் பதுளைக்குப் போய்த் திரும்பினால் எலும்பைக் காணோம். அப்பா தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். வாய்க்கரிசி போட்டு அடக்கம் செய்துவிட்டாராம். (வாய் மட்டும்தானே இருந்தது, குறையில்லாமல் போட்டிருப்பார்.) எந்த இடம் என்று கேட்டேன். சொன்னால் நான் தோண்டிவிடுவேன் என்றார். கத்தினேன், அழுதேன். திங்கட்கிழமை தேர்வு, அது இரவல் பொருள், அக்காவுக்கு நான் பதில் சொல்லவேண்டும் என்றேன்.

"அந்த மனுசனுக்கு யாரு புள்ள பதில் சொன்னா?" என்றார் அப்பா.

தேர்வில் பரீட்சகர் வேறொரு கீழ்த்தாடையை என் கையில் கொடுத்தார். படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டிய இடத்தில், தமிழில், "இது யாரு சேர்?" என்று கேட்டேன். அவர் எலும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெயில். எலும்பைக் கொடுத்த அக்கா இரண்டு மாதம் என் முகத்திலேயே விழிக்கவில்லை.

இரண்டாம் தடவை தேர்வுக்குப் போய்த் தேறி, இப்போது பதுளையில் டொக்டராக இருக்கிறேன். ஆடி அமாவாசைக்கு அப்பா எங்கள் தாத்தாவுக்குப் படைக்கும்போது, பக்கத்தில் இன்னொரு இலையும் போடுவார். எனக்குக் கல்யாணமான வருடம், அது யாருக்கு என்று என் கணவர் மெல்லக் கேட்டார்.

"இவ மொதமொதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த ஆளுக்கு, மாப்பிள்ள," என்றார் அம்மா. "நீங்க ரெண்டாவது."

வருடா வருடம் யாராவது அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சிரித்து முடித்த பிறகு எல்லோரும் அந்த இலைக்கு முன்னால் விழுந்து கும்பிடுவோம். நான்தான் கடைசியாக எழுந்திருப்பேன். பெயர் தெரியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.