ரசமட்டம் அண்ணனும் எங்கள் ஹால் சிலாப்பும்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர்களைப் பார்க்காமல் கதவுக்கு மேலே சாமான் வைக்கும் சிலாப்பைப் பார்க்கிற ஒரே பிறவி ரசமட்டம் அண்ணன்தான். கொத்தனார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மட்டம் பார்க்கும் சின்ன ரசமட்டம் இருக்கும். விருந்துக்குப் போனால்கூட அதைப் பந்தி மேசையில் வைத்து, குமிழி நடுவில் நின்றால்தான் சோற்றில் கை வைப்பார்.

சூலூரில் நாங்கள் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோனபோது எனக்குப் பெண் தேட ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த வீதிக்காரரான அண்ணன் கூப்பிடாமலே வந்து ஹால் சிலாப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, பொண்ணு ஊட்டுக்காரங்க சம்பளம் கேப்பாங்க, தோட்டம் கேப்பாங்க. பேச்சு தீந்துபோச்சுன்னா மேலதானுங்க பாப்பாங்க. ஸ்டூலப் புடிங்க!"

பிடித்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கேட்காதீர்கள். முப்பத்தாறு வயது வரை பிடித்தேன்.

முதலில் அம்மாவின் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி ஏற்றினார். ஒரு ஓரத்தில் மட்டும் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டால், "ஸ்டூல ஆட்டாதீங்க தம்பி" என்பார். வந்திருந்த பெண்ணின் அத்தை அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, ஹீட்டர் இல்லீங்களா? இன்னும் அதுலதான் தண்ணி காயுதுங்களா?" என்றார். அத்தோடு சரி.

அடுத்து, நான் பள்ளியில் வாங்கிய கோப்பைகள். பெண்ணின் அப்பா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "ஏழாவதுக்கு அப்பறம் ஒண்ணும் ஜெயிக்கலீங்களா தம்பி?" என்று கேட்டார்.

பிறகு மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர்க்காரர்கள். அவர்களுக்காக இரண்டடி உயரத்தில் மர யானை. நிமிர்ந்து பார்த்த பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தோப்புல தெனமும் இதத்தானுங்க முடுக்கித் தொரத்திட்டிருக்கறோம். பொண்ணு குடுக்கற ஊட்லயுமா?"

எனக்கு அலுத்துப்போயிற்று. சட்டை இஸ்திரி போடுவதுகூட அலுத்துப்போயிற்று. "மேட்டுப்பாளையத்துல இருந்து வாராங்க. இந்தத் தடவ நீங்க வர வேண்டாங்ணா, சிலாப்பு சும்மா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. "சும்மா மட்டும் உட்டுப்போடாதீங்க தம்பி" என்றார். நான் கேட்கவில்லை.

அன்றைக்கும் பேச்சு தீர்ந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். பெண்தான் முதலில் சொன்னாள்: "அப்பா, அது ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குதுங்க."

அவள் அப்பாவின் முகம் மாறியது. "அஸ்திவாரமே எறங்கிப்போச்சாட்ட இருக்குது" என்று எழுந்தார். என் கடைசி நம்பிக்கையும் அவரோடு எழுந்தது.

வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ரசமட்டம் அண்ணன் நின்றிருந்தார். வராதே என்றால் வராமல் இருக்கிற ஆளா அவர்?

"ஊடு நல்ல ஊடுங்க. பையனும் தங்கமான பையனுங்க. குத்தம் என்னுதுங்க. நா தனியாப் போட்ட மொதச் சிலாப்பு அது. ரசமட்டம் வெக்காம கண்ணாலயே பாத்துப் போட்டுப்போட்டேன். வெளிய தெரியாம இருக்கத்தானுங்க இத்தன வருசமா அது மேல அடுக்கிட்டிருக்கறேன்."

ஊருக்கெல்லாம் மட்டம் பார்த்த மனிதர், எனக்காகத் தன் மானத்தை எங்கள் வாசலில் போட்டு உடைத்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் அப்பா மறுபடி உட்கார்ந்து காபியை எடுத்தார்.

கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்த பரிசு, அந்த ரசமட்டம். "ஒரே நாளுங்க, இடிச்சு நேராப் போட்டுத் தந்தர்றேன்" என்று மாதம் ஒரு தடவை வந்து நிற்கிறார். நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிச் சாக்குச் சொல்லி, காபி கொடுத்து அனுப்புகிறோம். சிலாப்பின் மேல் இப்போது ரசமட்டம் மட்டும்தான் இருக்கிறது. தூசி தட்ட ஏறும்போது பார்ப்பேன், குமிழி ஓரமாகவே நிற்கும். அது நடுவுக்கு வந்துவிட்டால், அண்ணன் எங்கள் வீட்டுக்கு எதற்கு வருவார்?