கட்டில் நாடாவில் தொங்கிய மிஸ்

செல்போனில் பார்த்த எதையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நம்புகிற ரகம் நான். கேக் என்றால் தீய்ந்துபோகும், ஸ்வெட்டர் என்றால் ஒரு கை நீளமாகும், நஷ்டம் அதோடு சரி. ஆனால் இருபத்து மூன்றாவது வயதில் நான் செய்து பார்த்தது கேக் அல்ல. மனுஷர்களை இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடும் சாதனம். அதில் முதன்முதலில் மாட்டிய மனுஷியும் நானேதான்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தேன். கிளப் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துவிட வேண்டாம். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பழைய குடோன், தகரக் கூரை, நாலு மெத்தை, ஒரு தாழ்ந்த கம்பி, ஒரு உயர்ந்த கம்பி. என்னுடைய தகுதி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கம்பிப் பிரிவில் மூன்றாம் பரிசு. (கலந்துகொண்டவர்களே மூன்று பேர்தான். வேலைக்குச் சேரும்போது இதை யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.)

எங்கள் மாஸ்டர் பொறுமைசாலி. கம்பியில் ஏற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் தரையிலேயே பாடம் நடத்துவார். மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை இழுக்க வேண்டும். கம்பியில் தொங்குகிற உடம்பை மேலே ஏற்றும் அசைவு அதுதான். "பேண்ட் போடுற மாதிரி இழுங்க" என்பார். பதினைந்து பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக் கண்ணுக்குத் தெரியாத பேண்ட்டைப் போட்டுக்கொண்டிருப்பதைப் புதிதாகப் பார்க்கிற பெற்றோர்கள், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று போர்டை இன்னொரு முறை படிப்பார்கள்.

அடுத்தது ஸ்பாஞ்ச். தொங்கும்போது கால்கள் பிரியக் கூடாது என்பதற்காக முழங்கால்களுக்கு நடுவில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகிவிடுவார். அது விழுந்தால் ஆட்டம் செல்லாது. யார் கம்பியில் தொங்கினாலும் மற்றவர்கள் சேர்ந்து சத்தமாக ஒன்று, இரண்டு எண்ண வேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம்.

பிள்ளைகளில் தர்ஷினி என்று ஒருத்தி. ஒன்பது வயது. அப்பா செல்வராசு தொட்டியத்தில் வாழை விவசாயி. பள்ளிக்கூடத்துக்காக ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். கம்பி என்றால் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. பஸ்ஸில் ஏறினால்கூட மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவாளாம். ஒரு நாள் தாழ்ந்த கம்பியில் வயிற்றால் சுற்றும்போது கை வழுக்கி விழுந்தாள். மோவாயில் ஒரு சின்னக் காயம். காயம் நாலு நாளில் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதன் பிறகு கம்பியைப் பிடிப்பாள், நிற்பாள், இறங்கி வந்துவிடுவாள். விஷயம் தொட்டியத்துக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து பேரை எடுத்துவிடப் போவதாக அவள் அப்பா சொல்லி அனுப்பினார்.

"மிஸ், அப்பாகிட்ட நீங்க பேசுங்க மிஸ். நான் பேசினா அழுதுடுவேன்" என்றாள் தர்ஷினி. இந்தப் பெண்ணை எப்படியும் நிறுத்த விடக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். முடிவு நல்ல முடிவுதான். அதற்கு நான் பிடித்த வழிதான் கட்டில் நாடா.

வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் வீடியோவில் பார்த்திருந்தேன். கம்பிமேல் வழவழவென்று ஒரு குழாய் உறை, அதில் இரண்டு துணி வளையங்கள். வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்துக் கம்பியைப் பிடித்தால், கை விட்டாலும் விழ முடியாது. குழந்தை பயமில்லாமல் முழு வட்டம் சுற்றுகிறது. நம் ஊரில் இது கிடைக்காவிட்டால் என்ன? காந்தி மார்க்கெட் பக்கம் போய் நாடாக் கட்டிலுக்குப் பின்னுகிற நாடா வாங்கினேன், பிளாஸ்டிக் குழாய் வாங்கினேன். இரும்புக் கம்பியைச் சுவரிலிருந்து கழற்ற முடியாததால், குழாயை நீளவாக்கில் அறுத்து அதன்மேல் கவ்வ வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. நாடாவை வளையமாகத் தைத்துக் கொடுத்த டெய்லர், எதற்கு என்று கேட்டார். பிள்ளைகளின் கையைக் கம்பியில் கட்டுவதற்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை, தையல் மட்டும் மூன்று வரி போட்டிருந்தார்.

மாஸ்டர் பெரிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தான் வந்து சோதித்துப் பார்க்கும் வரை யாரும் இதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோர் ஒரு பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். செல்வராசு மார்க்கெட்டில் வாழைத்தார்களை இறக்கிவிட்டுத் தன் குட்டி யானை வண்டியிலேயே நேராக வந்துவிட்டார். தோளில் துண்டு, சட்டையில் வாழைக்கறை. கூடவே தர்ஷினியின் சித்தி. நல்ல ஆகிருதியான அம்மா, எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்கிறவர். அவர்கள் உட்கார்ந்ததும் நான் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். குழாய் உறை, வளையம், விஞ்ஞானம், வெளிநாடு. தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராசு எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ், இதுல நீங்க ஏறிப் பாத்திருக்கீங்களா?"

"தினமும் ஏறுறேன் சார்" என்றேன். (வளையங்கள் டெய்லர் கடையிலிருந்து வந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.)

சொன்ன பிறகு ஏறாமல் இருக்க முடியுமா? மரப்பெட்டியின் மேல் ஏறி, இரண்டு வளையத்திலும் கையை நுழைத்து, உயர்ந்த கம்பியைப் பிடித்தேன். பார்க்கிறவர்களுக்கு மறைக்கக் கூடாதென்று பெட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். முறைப்படி செய்து காட்ட வேண்டுமே என்று முழங்காலுக்கு நடுவில் ஸ்பாஞ்சும் செருகிவிடச் சொன்னேன். முன்னால் ஓர் ஆட்டம், பின்னால் ஓர் ஆட்டம், காற்று காதில் இரைந்தது. மூன்றாவது ஆட்டத்தில் முழு வட்டம். பெற்றோர் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. அந்த ஒரு வட்டம் வரைக்கும் நான்தான் தமிழ்நாட்டின் தலைசிறந்த பயிற்சியாளர்.

இரண்டாவது வட்டத்தில் என் எடை தாங்காமல் குழாயின் அறுத்த வாய் லேசாகப் பிளந்தது. பிளந்த வாய் நாடாவைக் கவ்வியது. குழாய் அப்படியே நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. நாடா கம்பியோடு சேர்ந்து சுருண்டு சுருண்டு, கடைசியில் நான் வந்து நின்றபோது மணிக்கட்டுகள் கம்பியோடு ஒட்டியிருந்தன, மூக்கு கம்பியை முகர்ந்துகொண்டிருந்தது. கையை உருவிப் பார்த்தேன். அசையவில்லை. கீழ்நோக்கி இழுத்தேன். இன்னும் இறுகியது.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சிரித்த முகத்தோடு, "பிள்ளைகளா, இதுதான் ஹோல்டிங் பொசிஷன்" என்றேன்.

அவ்வளவுதான், சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பதினைந்து பிள்ளைகளும் எண்ண ஆரம்பித்தார்கள். முப்பதில் கைதட்டினார்கள். அறுபதில் எழுந்து நின்று கைதட்டினார்கள். நூறைத் தாண்டியபோது பெற்றோரும் சேர்ந்து எண்ணினார்கள். ஓர் அப்பா போனை எடுத்து வீடியோ பிடித்தார். நான் தொங்கியபடியே முதுகு எப்படி நேராக இருக்கிறது பாருங்கள் என்று பாடம் வேறு நடத்திக்கொண்டிருந்தேன். நூற்று எழுபதுக்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. முதல் வரிசையில் இருந்த குட்டிப் பெண் ஒருத்தி, மிஸ்ஸுக்கு பாத்ரூம் வருதா என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். (வந்தது. அதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.)

முதலில் கண்டுபிடித்தது தர்ஷினியின் சித்திதான். எழுந்து கம்பிக்கு அடியில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"மிஸ், நீங்க தொங்குறீங்களா, மாட்டிக்கிட்டீங்களா?"

"மாட்டிக்கிட்டேன்" என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டில் எண்ணிக்கை நின்றது.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். மரப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாடா சுருண்டதில் நான் ஒரு முழம் உயர்ந்திருந்தேன், பெருவிரல்கூட எட்டவில்லை. வீடியோ எடுத்தவர் காலைப் பிடித்து இழுக்கலாம் என்றார். இழுத்தால் இறுகும் என்று அலறினேன். பிள்ளைகள் தாமாகவே நாலு மெத்தையையும் அடியில் கொண்டுவந்து போட்டு, "இப்ப விழுங்க மிஸ்" என்று அன்போடு சொன்னார்கள். விழ முடியாதபடி தயாரித்த சாதனம் அது. நான் செய்ததில் அது ஒன்றுதான் சரியாக வேலை செய்தது.

செல்வராசு விறுவிறுவென்று வெளியே போனார். மகளைக்கூட அழைக்காமல் போகிறாரே, இவ்வளவு வெறுத்துவிட்டாரா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் தார் வெட்டுகிற கத்தி இருந்தது. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள்.

என்னைத் தொடுவதற்கு அவருக்குக் கூச்சம். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி மச்சினியின் தோளில் வைத்தார். தார் அறுக்கும்போது அடியில் முதலில் தோளைக் கொடுக்க வேண்டும், பாரம் தோளுக்கு வந்த பிறகுதான் மேலே வெட்ட வேண்டும் என்று விளக்கினார். சித்தி அதற்குள் மெத்தைமேல் ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தொடையைக் கட்டிப்பிடித்துத் தோளில் ஏற்றியிருந்தார்.

"வந்துருச்சு மாமா, பாரம் வந்துருச்சு" என்றார். (பாரம் நான்.)

செல்வராசு பெட்டிமேல் ஏறினார். கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: "மிஸ், வெட்டுனதும் நீங்க ஆடக்கூடாது. தார் ஆடுச்சுன்னா தோள் எறங்கிரும்."

நான் ஆடவில்லை. வாழ்நாளில் அவ்வளவு அசையாமல் நான் இருந்ததே கிடையாது. இரண்டு சீவல், மூன்று வரித் தையல் போட்ட நாடா அறுந்தது. சித்தி என்னைச் சுமந்து நாலு அடி நடந்து, மெத்தையில் மெல்லக் கிடத்தினார். மணிக்கட்டில் சிவப்பாக இரண்டு கோடு, வேறொன்றும் இல்லை. தர்ஷினி குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"மிஸ், ஸ்பாஞ்ச் விழவே இல்ல மிஸ்."

உண்மைதான். அத்தனை களேபரத்திலும் அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் என் முழங்கால்களுக்கு நடுவிலேயே இருந்தது. முதலில் சித்தி சிரித்தார், அப்புறம் கூரைத் தகரம் அதிர எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து, தாழ்ந்த கம்பியைப் பிடித்து, யாரும் சொல்லாமலே வயிற்றால் ஒரு சுற்று சுற்றி இறங்கினாள். இறங்கிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. மறுபடி ஏறி இன்னொன்று சுற்றினாள். கம்பியில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயத்தை இப்போதுதான் கண்ணால் பார்த்திருக்கிறாள், இனிப் பயப்பட என்ன இருக்கிறது? என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறந்த பயிற்சி அது. அதை நான் வேண்டுமென்று கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பேரை எடுத்துவிடப் போகிறீர்களா சார் என்று மெத்தையில் உட்கார்ந்தபடியே கேட்டேன். செல்வராசு மகளைப் பார்த்துக்கொண்டே கத்தியைத் துண்டில் சுற்றினார்.

"புள்ள விழுந்துருமோன்னுதான் பயந்துக்கிட்டு வந்தேன். இங்க விழறதே கஷ்டம் போல இருக்கு. இருக்கட்டும் மிஸ்."

மாஸ்டர் மதுரையிலிருந்து வருவதற்குள் வீடியோ அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என்னைத் திட்டவில்லை. குழாயைக் கழற்றி வெளியே போட்டார், சுவரில் ஆணி அடித்து ஒரு பெரிய கத்தரிக்கோலை மாட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் வீடியோ என்னை விடவில்லை. பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே என் கணவர் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறார். இன்றைக்கும் கடைக்குப் போய் நான் வர அரை மணி நேரம் தாமதமானால் போன் வரும். "எங்கேயாவது மாட்டிக்கிட்டியா, கத்தி கொண்டு வரவா?" என்பார். தொட்டியத்திலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தார் வருகிறது. அதை இறக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

தர்ஷினிக்கு இப்போது இருபத்தொரு வயது. மாநிலப் போட்டி வரை போனவள், இப்போது அதே கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் மிஸ். போன மாதம் என் ஆறு வயது மகளை அங்கே சேர்க்கப் போனேன். முதல் நாள் வகுப்பில், சுவரில் கத்தரிக்கோல் ஏன் தொங்குகிறது என்ற கதையை மகா நடிப்போடு அவள் சொன்னாள். பெயரைச் சொல்லாமல் விட்டாள், மகராசி. பெற்றோர் வரிசையில் நானும் மற்றவர்களைப் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, இப்படியும் ஒருத்தி இருந்திருப்பாளா, சும்மா கட்டிவிடுகிற கதை என்றார். நானும், இருக்கும் இருக்கும் என்றேன்.

முதல் வரிசையில் என் மகள் கையைத் தூக்கி, எழுந்து நின்று, பெருமை பொங்க எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அது எங்கம்மாதான் மிஸ். அதோ உக்காந்திருக்காங்க."