மாதிரிக் குடும்பம்

ஏழை எளியோருக்கு அறுபது வீடு கட்டித்தர நகராட்சிக்கு நிதி ஒதுக்கப்பட்டது. மனு கொடுத்த வீடற்றோர் பட்டியலில் முதல் பெயர் தையல்காரருடையது. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி, மகள், மாமியார், இரண்டு தையல் மெஷின் சகிதம் ஒன்பது வருஷம் நெருக்கியடித்துக் காத்திருந்தவர்.

வீட்டுவசதி அதிகாரி விதி தவறாதவர். மாதிரி வீடு இல்லாமல் அறுபதையும் கட்டினால், எதைப் பார்த்துக் கட்டினீர்கள் என்று தணிக்கையில் கேட்டுவிடுவார்களே. ஆகவே முதலில் ஒரு மாதிரி வீடு. அதற்கென்று ஓர் ஆலோசகர் வந்தார். கிழிந்த ஜீன்ஸ், ஒரு காதில் வளையம்.

"வீடுங்கறது செங்கல்லு சிமெண்ட்டு இல்ல சார். அது ஒரு அனுபவம்," என்றார்.

அனுபவத்துக்கு இடைஞ்சலாக இருந்த சமையல் மேடையும் குளியலறையும் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன. கழிவறைக் கதவு மட்டும் சுவரில் தத்ரூபமாக வரையப்பட்டது. மொத்தத்தில் அது ஒரு மாதிரியான வீடுதான்.

திறப்பு விழாவுக்கு வந்த நகராட்சித் தலைவர், "ஆள் இல்லாம வெறிச்சோடிக் கிடக்குதே," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே, பொதுநலன் கருதி, மாதிரிக் குடும்பம் ஒன்றை நியமிக்க உத்தரவானது. பட்டியலில் முதல் ஆள் தையல்காரர். வசிக்கும் நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.

மாமியாரின் புடவை சோபாவின் நிறத்தோடு ஒத்துப்போகாததால் அவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற மூவரும் இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு போனார்கள்.

"அடுப்பு எங்க வைக்கறதுங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அதெல்லாம் வேணாம்மா. யாராச்சும் பார்க்க வந்தா ஜன்னல் பக்கம் நின்னு சிரிங்க, போதும்," என்றார் ஆலோசகர்.

மகள் சுவரில் வரைந்த கதவை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனாலும் மின்விசிறிக் காற்று நிஜம். மீதி வீடு வரும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று தையல்காரர் ஒரு மாதம் சிரித்தார். கடையில் தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்தது.

அப்போது கடிதம் வந்தது. 'தாங்கள் நகராட்சி வீட்டில் வசித்துவருவது பார்வையாளர் பதிவேட்டின் மூலம் ஐயமற நிரூபணமாவதால், வீடற்றோர் பட்டியலிலிருந்து தங்கள் பெயர் மகிழ்ச்சியுடன் நீக்கப்படுகிறது.'

தையல்காரர் அடித்துப்பிடித்து அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், அஞ்சு மணிக்கு மேல நாங்க அங்க இல்லையே?"

"அஞ்சு மணிக்கு மேல ஆபீஸும் இல்லையேப்பா," என்றார் அதிகாரி பொறுமையாக. "அதுக்கப்புறம் நடக்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே வந்தால் வாசலில் கூட்டம். பட்டியலிலிருந்த மற்ற ஐம்பத்தொன்பது குடும்பங்களும் பதாகை பிடித்து நின்றன. மாதிரிக் குடும்பமாகும் வாய்ப்பை எல்லோருக்கும் தா என்பது கோரிக்கை.

"போகாதீங்க. ஒரு நாள் உட்கார்ந்தாலும் பேரை அடிச்சிடுவாங்க," என்று தையல்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

முன்வரிசையில் நின்ற பஸ் டிரைவர் சிரித்தார். "ஒரு மாசம் சொகுசா காத்து வாங்கின. எங்க முறை வரும்போது மட்டும் சட்டம் பேசுறியா?"

மக்களின் கோரிக்கைக்கு அதிகாரி உடனே செவிசாய்த்தார். ஆளுக்கு ஒரு நாள். ஐம்பத்தொன்பதாம் நாள் பட்டியல் காலி. வீடற்றோரே இல்லாத நகரம் என்று கேடயம் வந்தது. மிச்சமிருந்த நிதியில் கேடயத்தை வைக்க ஒரு மண்டபம் எழும்பியது. அதைத் திறந்த அன்று அறுபது குடும்பங்களும் கை தட்டின. பாதிப் பேருக்கு எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த வாரமே அதிகாரியின் முகத்தில் கவலை. வீடற்றோர் இல்லாத ஊருக்கு அடுத்த வருஷம் எப்படி நிதி வரும்? உடனே அறிவிப்பு ஒட்டினார்கள்: 'வீடற்றோர் அவசரமாகத் தேவை. முதலில் வருவோருக்கு மாதிரி வீட்டில் முன்னுரிமை.'

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. பஸ் டிரைவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றவர், வேறு யார், தையல்காரர்தான்.