ஹெல்மெட் போட்டுக்கொண்டு லண்டனில் படித்த கதை

நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பெயரைச் சொல் என்றால், எனக்கு என் பெயரே மறந்துவிடும். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பிளஸ் டூவில் புதிதாக வந்த இயற்பியல் வாத்தியார் பெயரைக் கேட்டபோது, பதிலுக்காகப் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தவன் நான். (அவன்தான் சொன்னான், "சார், இவன் குமரவேல்.")

இப்படிப்பட்டவனுக்குப் புதுச்சேரியில் நல்ல பெயருள்ள ஒரு கல்லூரியில் பி.காம். சீட் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும், சாயங்காலம் சீனியர்கள் முன்னால் அதையே பாட்டாகப் பாட வேண்டும் என்று அங்கே படித்தவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள்.

அது தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். எங்கள் மூலக்குளம் மெயின் ரோட்டில் இருந்த ஒன்றில்தான் என் விடுதலையைக் கண்டுபிடித்தேன். லண்டன் பக்கத்தில் ஒரு கல்லூரி, இன்டர்நெட்டிலேயே முழுப் பட்டமும் தருகிறதாம். முதல் மாதம் இலவசமாகப் படித்துப் பார்க்கலாமாம். பெஞ்சு இல்லை, சீனியர் இல்லை, எவன் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. உடனே பெயரைக் கொடுத்துவிட்டேன். உள்ளூர்க் கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அதற்குள் இதுவா அதுவா என்று முடிவு செய்தாக வேண்டும்.

"நாலு பசங்களோட பழகுனாதான்டா உனக்கு வாய் தொறக்கும். பொட்டி முன்னாடி குந்திக்கினு இருந்தா இன்னா வரும்?" என்றாள் அம்மா.

அப்பாவின் காதில் 'லண்டன்' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் விழுந்தது. அதை அவர் அப்படியே என் தாய்மாமனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எங்கள் ஊரில் காது குத்தினாலும் பேனர், கண்மூடினாலும் பேனர். மாமாவுக்குப் பேனர் வைக்கக் காரணம் வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் தெருமுனையில் பத்தடி உயரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கழுத்துவரை என் பள்ளிக்கூட போட்டோ, அதற்குக் கீழே யாருடைய கோட்டோ. பின்னால் ஈபில் கோபுரம், தலைக்கு மேல் விமானம். 'கடல் கடந்து கல்வியை வெல்லப் புறப்படும் எங்கள் தங்கமே!' கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிடும் மாமாவும் அவர் கூட்டாளிகளும், என்னைவிடப் பெரிதாக.

"லண்டனுக்கு ஈபில் கோபுரம் எங்க மாமா வந்துது?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"பேனர் கடையில வெளிநாடுன்னா அதான்டா இருக்குது. நம்ம ஊர்ல வேற எந்த வெளிநாட்டுக்கு எவன் போறான்?"

மாமா சொன்னது நியாயம்தான். புதுச்சேரியில் வெளிநாடு என்றால் பிரான்சு. ஒருவன் பிரான்சுக்குப் போகிறான் என்று தெரிந்தால், அங்கே சொந்தபந்தம் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் அவன் பெட்டியில் ஏறும். அதுதான் ஊர் வழக்கம். பேனர் வைத்த அன்றைக்கே எங்கள் வீட்டில் இட்லிப் பொடியும் வடகமும் வந்து இறங்க ஆரம்பித்தன.

எதிர் வீட்டுச் சொல்தா ஐயா பெரிய பார்சலோடு வந்தார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் மகள் செல்வி அக்கா பாரீசில் இருக்கிறார், ஊருக்கு வந்து வருடக்கணக்காகிறது.

"வஞ்சிரக் கருவாடு தம்பி. வைத்திக்குப்பத்துல சொல்லி வெச்சு வாங்குனேன். அவளுக்கு உசுரு."

"ஐயா, நான் லண்டன்... அதுவும் நேர்ல..." என்று இழுத்தேன்.

"லண்டனுக்கும் பாரீசுக்கும் இன்னா தூரம்? மூலக்குளத்துக்கும் வில்லியனூருக்கும் போல. ஒரு எட்டு போய்க் குடுத்துடு. மெர்சி!" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். பார்சல் வீட்டுக்குள் போனது. உள்ளே இருந்த உண்மை வெளியே வரவேயில்லை.

மாமாதான் வழி சொன்னார். "கொஞ்ச நாளு வெளியில தலை காட்டாத. அப்பறம் லீவுல வந்தேன்னு சொல்லிக்கலாம்."

ஒளிந்திருக்கலாம்தான். ஆனால் வகுப்பு பிரவுசிங் சென்டரில் அல்லவா? அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு மத்தியானம். அதனால் மாமாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மொட்டை வெயிலில், சைக்கிளில் புறப்பட்டேன். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டும்போது மட்டும் மாமா தலையில் ஏறும் ஹெல்மெட் அது. பைக்கிலேயே எவனும் ஹெல்மெட் போடாத ஊரில் சைக்கிளில் போட்டுக்கொண்டு போனவனை எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு நாய் சென்டர் வாசல்வரை குரைத்துக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் கருவாட்டு வாசனைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் சமையலறையில் குடியேறிவிட்டன. "பூனை துன்றதுக்கு நாமளே துன்னலாம்" என்று அம்மா குழம்பு வைத்துவிட்டாள். (ருசியைப் பற்றி இங்கே எழுதினால் இன்னும் பாவம் சேரும்.)

அப்புறம் வந்தது அந்த மத்தியானம். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் குரல் வழியாக வகுப்பு. ஹெட்போன் மாட்ட வேண்டுமானால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். பிளைவுட் தடுப்புக்குள்தானே இருக்கிறோம் என்று கழற்றிவைத்தேன். ஆசிரியை இனிமையாகச் சொன்னார்: எல்லோரும் தங்களைப் பற்றி அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

எதற்குப் பயந்து லண்டனுக்கு ஓடினேனோ, அது அங்கே எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

என் முறை வந்தது. முனகினேன். "சரியாகக் கேட்கவில்லை" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னும் சத்தமாக!" கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன்: "மை நேம் இஸ் குமரவேல்! ஐ ஆம் ஃப்ரம் மூலக்குளம், பாண்டிச்சேரி!"

சென்டரே அமைதியானது. அந்த அமைதியில் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது: "செல்வி, இரு... அந்தப் பையன் இன்னும் வரலைன்னு சொன்னியே..."

தடுப்புக்கு மேலே சொல்தா ஐயாவின் தலை எழும்பியது. மகளோடு கேமராவில் பேச வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"மொன் தியே! கடவுளே, நீ எப்பறா லண்டன்லேர்ந்து வந்தே?"

"நான் போகவே இல்லைங்க ஐயா. இங்கேர்ந்துதான் படிக்கிறேன்."

"அப்ப என் கருவாடு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "குழம்பு வெச்சிட்டோம் ஐயா."

அவர் போட்ட சத்தத்தில் தமிழ் பாதி, பிரெஞ்சு பாதி. என் மைக் திறந்தே இருந்ததால் பல தேசத்து மாணவர்கள் அதைக் கேட்டார்கள். ஆசிரியை பதறிப்போய், "குமார், உங்கள் குடும்பத்தில் ஏதாவது அசம்பாவிதமா?" என்று கேட்டார்.

அப்போது சொல்தா ஐயாவின் கம்ப்யூட்டரில் செல்வி அக்கா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே முடியவில்லை. "அப்பா, விடுப்பா அவன... ஐயோ, வயிறு வலிக்குதுப்பா!" ஐயா அந்தத் திரையைப் பார்த்தார். மகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனை காலமாயிற்றோ, கோபம் போன இடம் தெரியவில்லை. அவரும் சிரித்தார். கடைசியில் சென்டர்காரரும் சிரித்தார். நான் மட்டும் பூமி பிளக்காதா என்று நின்றேன். உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. விடிந்ததும் நான் நேராக உள்ளூர்க் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆன்லைன் படிப்பில் குற்றமொன்றும் இல்லை. ஆள் முகம் பார்க்கப் பயந்து அதற்குள் ஒளிந்தவன் நான். மூலக்குளமே பார்த்துச் சிரித்த பிறகு ஒரு வகுப்பறை என்ன செய்துவிடும்? முதல் நாள் எழுந்து நின்று, பெயரை மட்டுமில்லை, இந்தக் கதையையும் சேர்த்தே சொன்னேன். சீனியர்கள் பாட்டு கேட்க மறந்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பட்டமும் வாங்கினேன். ஆனால் ஊர் கொடுத்த பட்டம் வேறு: 'பிரான்சு குமார்'. பல வருஷம் கழித்து நோணாங்குப்பத்திலிருந்து பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, டீக்கடையில் "யாரு, பிரான்சு குமாரா? தங்கமான புள்ள" என்று சொல்லியிருக்கிறார்கள். பிரான்சு மாப்பிள்ளை என்றால் புதுச்சேரியில் கேட்கவா வேண்டும்! மாமனார் மறுபேச்சில்லாமல் தாம்பூலம் மாற்றிவிட்டார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமனாரிடம் சொல்ல இருவருக்குமே தைரியம் வரவில்லை. பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் அவர் ஆசையாகக் கேட்கிறார்: "மாப்ள இந்த வருஷமாவது பிரான்சு போறாராம்மா?"

என் மனைவி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்கிறாள்: "தெனம் போய்ட்டுதாம்பா வராரு. ஆன்லைன்ல."