கிடாவின் கர்ப்பப்பை

வெள்ளிக்கிழமை வந்தால் மன்னவனூரில் கேரட் பிடுங்க ஆள் கிடைக்காது. ஊரே திருமலைச்சாமியின் தகரக் கொட்டகை முன்னால் நிற்கும். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜீப் பிடித்து வருவார்கள். சாமி, பெண்களின் ரத்தப்போக்குக்கு ஸ்பெஷலிஸ்ட். எந்தக் காலேஜ் என்று கேட்கக் கூடாது.

தீட்டுள்ள பெண் சாமி முகத்தில் விழிக்கக் கூடாதாம். அதனால் நடுவே ஒரு காவித் திரை. அந்தப் பக்கம் பெண் நின்று இடுப்பில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்வாள். இந்தப் பக்கம் சாமி கயிற்று நுனியைப் பிடித்துக் கண்ணை மூடினால் கர்ப்பப்பை தெரிந்துவிடும். கரண்ட் செலவுகூடக் கிடையாது.

தேவசேனாவுக்கு நாலு மாதமாக ரத்தம் நிற்கவில்லை. ஆட்டுப்பண்ணையில் தீவனம் சுமப்பவள். இப்போது ஒரு புல்லுக்கட்டைத் தூக்கினாலே கண் இருட்டியது. இரண்டு வெள்ளிக்கிழமை கயிறு கட்டியாயிற்று. உள்ளே மோகினி இருக்கிறாள், ஸ்கேன் மிஷின் பட்டால் உயிரைக் கொண்டுபோய்விடுவாள் என்று சாமி மிரட்டியிருந்தார். மூன்றாம் வெள்ளிக்குக் கிடா கேட்டார். மோகினிக்குக் கறி பிடிக்குமாம். சாமிக்கும் பிடிக்கும்.

கிராம நர்ஸ் செலினா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது. உடனே கொடைக்கானல் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். தேவசேனா பயந்தாள். செலினா விடவில்லை.

"பண்ணையில ஆட்டுக்குச் சினை பாக்க ஸ்கேன் வைக்கிறப்ப நீங்கதானக்கா புடிச்சுக்கிறீங்க. ஒரு ஆடாவது செத்துச்சா?"

"இல்ல."

"அப்ப இந்த வெள்ளிக்கிழமை கயித்தைக் கிடா இடுப்புல கட்டுங்க. சாமி என்னத்தைப் பாக்குறார்னு பாப்போம்."

அந்த வெள்ளிக்கிழமை திரைக்கு அந்தப் பக்கம் தேவசேனா கயிற்றைக் கிடா இடுப்பில் கட்டினாள். கிடா கேரட் தழையை மென்றபடி சமர்த்தாக நின்றது. சாமி கயிற்றைப் பிடித்து உடம்பை உலுக்கினார்.

"தெரியுது தாயி. கர்ப்பப்பை வாசல்ல மோகினி காலை நீட்டி உக்காந்திருக்கா. மூணு அமாவாசையில எறங்கிருவா. அடுத்த வருசம் ஆம்பளப் புள்ள."

செலினா திரையை இழுத்துவிட்டாள். கூட்டம் கிடாவைப் பார்த்தது. கிடா கூட்டத்தைப் பார்த்தது. சாமி கயிற்றை விட மறந்துபோனார்.

முதலில் சிரித்தவள் தேவசேனாதான். உடனே அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நாலு மாசமா என் ரத்தம் போகுது. இதைத்தான் பாத்தியாய்யா நீ?"

மறுநாள் கொடைக்கானலில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் சுண்டைக்காய் அளவு சதை வளர்ந்திருந்தது. மோகினியைக் காணோம். சதையை எடுத்தார்கள், ரத்தம் நின்றது. கிடா இன்னும் மேய்கிறது.

திருமலைச்சாமி இப்போது அடுக்கம் கிராமத்தில் கொட்டகை போட்டிருக்கிறாராம். அங்கேயும் கூட்டமாம். தாய்மார்களே, ஆட்டின் வயிற்றுக்கு மிஷினை நம்புகிறீர்கள், உங்கள் வயிற்றுக்குக் கயிற்றை நம்புகிறீர்கள். போகத்தான் போவோம் என்றால் போங்கள், கூடவே ஒரு கிடாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.